மணல் ஒட்டாத துண்டு

சலவைக்கூடத்தில் அவரைக் கறைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கடற்கரையோரமாக வரிசையாக இருந்த பீச் கிளப்புகளிலிருந்து தினமும் வேனில் வந்து இறங்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, எதில் என்ன கறை, அதற்கு எந்த மருந்து, எந்தத் தண்ணீர் என்று பார்த்துப் பிரித்துப் போடுவது அவர் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். வெயிலுக்குப் பூசுகிற கிரீம் படிந்த துண்டை நேரே சுடுதண்ணீரில் போட்டால் மஞ்சள் பாய்ந்து ஆயுசுக்கும் போகாது என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார்.

பீச் கிளப் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. காலையில் போய் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு குடை, ஒரு துண்டு என்று வாங்கிக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் கடல் பக்கத்தில் சும்மா கிடந்துவிட்டு வருகிற இடம். சும்மா கிடப்பதற்கு இவ்வளவு ஏற்பாடா என்று சலவைக்கூடத்தில் சிரிப்பார்கள். சிரித்தாலும் அந்தச் சும்மா கிடப்பவர்களால்தான் அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அவர்கள் ஓய்வெடுக்கிற சனி, ஞாயிறில் இவர்களுக்கு இடுப்பு ஒடியும். இவர்களுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை.

கறைக்காரருக்கு ஒரு கர்வம் உண்டு. ஒரு கிளப்பின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள அங்கே போகவே வேண்டாம், அதன் அழுக்கு மூட்டையைப் பிரித்தால் போதும் என்பார். ஒவ்வொரு கிளப்பின் மூட்டைக்கும் ஒரு நிறம். பச்சை மூட்டையைப் பிரித்தால் பீர் நாற்றம் முகத்தில் அடிக்கும், துண்டில் சிகரெட் சுட்ட ஓட்டைகள் இருக்கும். அங்கே போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இல்லை என்பது அவர் தீர்ப்பு. நீல மூட்டையில் உதட்டுச் சாயமும் மீன் பொரித்த எண்ணெயும். மஞ்சள் மூட்டை அவருக்கு ஜென்மப் பகை. உதற உதற மணல். குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்ற வாயைத் துடைத்த துண்டு, கிளிஞ்சல் முடிந்து வைத்த துண்டு, ஒருமுறை ஒரு குட்டி நண்டுகூட உயிரோடு வந்து அவர் விரலைக் கவ்வியிருக்கிறது. அந்த மணல் வடிகாலில் போய் அடைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் கம்பியை விட்டுக் குத்த வேண்டியிருக்கும். குத்தும்போதெல்லாம் மஞ்சள் கிளப்புக்காரன் குடும்பத்தையே திட்டித் தீர்ப்பார்.

சாம்பல் மூட்டை மட்டும் தனி. அதைப் பிரிக்கும்போது அவர் முகமே மாறிவிடும். துண்டுகள் கசங்காமல், பாதி மடித்தபடியே வரும். லேசாகக் கிரீம் வாசனை, எப்போதாவது ஒரு காபித் துளி, அவ்வளவுதான். ஒரு பொட்டு மணல் இருக்காது. பக்கத்தில் நிற்பவர்களுக்கு அதைத் தூக்கிக் காட்டி, பழகத் தெரிந்தவர்கள் போகிற இடம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார்.

அவர் மனைவிக்கு அதே கூடத்தின் கடைசி மேசையில் மடிப்பு வேலை. மடிப்பக்கா என்று பெயர். அவளிடம் வந்து சேரும்போது எல்லாத் துண்டும் வெளுத்து, காய்ந்து, ஒரே மாதிரி சூடாக இருக்கும். ஓரத்தில் தைத்திருக்கும் நூலின் நிறத்தைப் பார்த்துத்தான் எந்தக் கிளப் என்று அடுக்குவாள். எனவே கிளப்புகளைப் பற்றி நல்லதோ கெட்டதோ அவளுக்கு அபிப்பிராயம் கிடையாது. நீளவாக்கில் மூன்று, குறுக்கே இரண்டு, ஓரம் உள்ளே. கை பாட்டுக்கு மடிக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். பதினேழு வருடம் அந்த ஈரச் சிமென்டுத் தரையில் ஒரே இடத்தில் நின்றிருக்கிறாள். கடல் ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. போக வேண்டும், போக வேண்டும் என்று வருடா வருடம் பேச்சு எழும். செவ்வாய்க்கிழமை வந்தால் வீட்டுத் துணி, கடைகண்ணி, ஒழுகுகிற குழாய் என்று ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று கறைக்காரர்தான் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அவளுக்கு வலது காலில் வலி வந்தபோது நின்று நின்று வந்த வலி என்றே இருவரும் நினைத்தார்கள். தைலம் தேய்த்தார்கள், சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே வீக்கம் கண்டு, மேசையைப் பிடித்துக்கொண்டுகூட நிற்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்புக்குள் கட்டி. நல்ல கட்டி இல்லை. பெரிய மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, மெதுவாக, ஒளிக்காமல் சொன்னார். காலை எடுத்துவிட்டால் ஆளைக் காப்பாற்றலாம், தள்ளிப் போட்டால் இரண்டும் இல்லை. வியாழக்கிழமை காலை அறுவை. புதன்கிழமை விடியற்காலையில் வந்து சேர்ந்துவிட வேண்டும்.

அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாவது நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கறைக்காரர் அடுப்படியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். நான்கு மாதமாக அவர்தான் சமையல்.

"என்னங்க, செவ்வாக்கிழமை லீவுதானே?" என்றாள்.

"ஆமா."

"கடலுக்குப் போயிட்டு வரலாமா?"

அவர் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு காலோட ஒரு தடவை தண்ணில நிக்கணுங்க. முட்டி வரைக்கும் நனைஞ்சா போதும். அப்புறம் அவங்க எடுத்துக்கட்டும்."

இத்தனை வருடம் கூட்டிப் போகாத பாவி நான் என்று நினைத்தார். அந்த நினைப்பை வாய்விட்டுச் சொல்லாமல், இனி இந்த ஒரு நாளில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"எங்கேயோ அழுக்குல போய் நிக்க வேண்டாம். நல்ல இடமா நான் பார்க்கிறேன். நீ கவலைய விடு," என்றார்.

"எந்த இடமா இருந்தா என்ன? கடல்தானே," என்றாள் அவள்.

கடல் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றுதான் அவரும் எடுத்துக்கொண்டார். அதனால் கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்தார். ஊருக்குப் பொதுவான கடற்கரை ஒன்று இருந்தது. அதைத் தடுப்புச் சுவர் கட்டுகிறோம் என்று தகரம் அடித்து ஒரு வருடமாக மூடி வைத்திருந்தார்கள். ஆக, கிளப்புக்குத்தான் போக வேண்டும். நிழல் வேண்டும், சாய்ந்து உட்காரவும் படுக்கவும் இடம் வேண்டும், கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது, சத்தம் போடுகிறவர்கள் இருக்கக் கூடாது, அவள் தடி ஊன்றி நடப்பதை யாரும் வெறித்துப் பார்க்கக் கூடாது. எழுதி வைத்துக்கொள்ளவில்லையே தவிர, மருந்துக் கடை வரிசைபோல எல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள், அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை. அறுவைக்கு முந்தின நாள் ரயிலில் வருவதாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் ஐந்து கிளப்புகளின் படங்களையும், அவற்றுக்கு மற்றவர்கள் போட்டிருந்த நட்சத்திரங்களையும் அப்பாவின் போனுக்கு அனுப்பி வைத்தாள். போய்விட்டு வந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பார்த்து முடிவு பண்ணச் சொன்னாள்.

"அவங்க எழுதுறத நான் ஏம்மா படிக்கணும்? அவங்க தொடச்ச துணியவே தினம் பார்க்கிறேன்," என்றார் கறைக்காரர்.

மகள் சிரித்துவிட்டு, எதற்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அம்மாவுக்கு என்ன தெரியும், அவள் வெளுத்ததை மட்டும் பார்த்தவள் என்று சொல்லிவிட்டார்.

வேன்காரரும் இருந்தார். பத்து வருடமாக அத்தனை கிளப்புக்கும் போய் மூட்டை ஏற்றி வருகிறவர். சலவைக்கூடத்து வாசலில் மூட்டையை இறக்கிக்கொண்டே, அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களாமே, என்னைக் கேட்டால் ஒரு நல்ல இடம் சொல்வேன் என்று ஆரம்பித்தார். கறைக்காரருக்கும் அவருக்கும் எப்போதும் ஆகாது. பின்வாசலோடு மூட்டை தூக்கி வருகிற ஆளுக்கு உள்ளே இருக்கிறவர்களின் தராதரம் என்ன தெரியும் என்பது இவர் எண்ணம். நான் முடிவு பண்ணியாகிவிட்டது, சாம்பல்தான் என்றார். வேன்காரர் தலையைச் சொறிந்தார். அங்கே மணல் கிணல் ஒன்றும் இருக்காதே என்றார். அதற்காகத்தானே ஐயா போகிறேன் என்று கறைக்காரர் அவர் வாயை அடைத்துவிட்டார். பிற்பாடு அந்தப் பேச்சை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கே போன் போட்டார். எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினாள். தோட்டத்துப் பக்கம் வேண்டுமா, கடல் பக்கம் வேண்டுமா என்று கேட்டாள். கடல் பக்கம், முதல் வரிசை, கடலுக்கு நேராக என்று அழுத்திச் சொன்னார். போனை வைத்துவிட்டு மனைவியிடம் வந்து, நமக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஆள்கூடக் கிடையாது என்று சொன்னபோது, பல நாளைக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது. திங்கட்கிழமை ராத்திரி அவளுக்குக் குனிய முடியாததால் அவரே கீழே உட்கார்ந்து அவள் கால் நகங்களை வெட்டிவிட்டார். இந்தக் காலுக்கும் வெட்டணுமா என்று அவள் வலது காலைக் காட்டிக் கேட்டாள். அவர் அதைத்தான் முதலில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வானம் வெளுத்து, காற்றே இல்லாமல் புழுங்கியது. பஸ்ஸில் ஏறும் படி உயரம். கறைக்காரர் பின்னால் நின்று தாங்க, நடத்துநர் கை கொடுத்தார். மாற்று உடுப்பு ஒன்று, மாத்திரை, அவித்த முட்டை, ஆரஞ்சுப் பழம் எல்லாம் பையில். அங்கேயே சாப்பாடு போடுவார்கள் என்று சொன்னாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். தண்ணீர் குளிருமா, அலை ஆளைத் தள்ளிவிடுமா, தடியை மணலில் ஊன்றினால் நிற்குமா என்று கேட்டாள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னார்.

கிளப் அவர் நினைத்ததைவிட ஒருபடி மேலாகவே இருந்தது. வாசலிலிருந்து பளிங்குத் தரை. மருந்துக்குக்கூட ஒரு தூசி இல்லை. மெத்தை போட்ட சாய்வு நாற்காலிகள் கட்டில்கள்போல அகலமாக இருந்தன. கழிவறை பத்தடி தூரத்தில். செவ்வாய்க்கிழமை ஆகையால் பாதிக்கு மேல் காலி. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து வைத்தார்கள். கறைக்காரர் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, நம்ம வேலைதான் என்று பூரித்துப்போனார். மடிப்பக்கா தன் துண்டைப் பிரிக்காமல் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு பதிலா வந்தவ மடிச்சது. ஓரத்தை உள்ள விடல," என்றாள். "பரவால்ல, போகப் போகப் பழகிடுவா."

முதல் வரிசைக்கு முன்னால் நெஞ்சளவு உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் வானம் வரைக்கும் கடல். அவள் தடியை ஊன்றிக்கொண்டு தடுப்பருகே போய் நின்றாள். எவ்வளவு பெருசு பாருங்க என்றாள். பிறகு கொஞ்சம் எக்கிக் கீழே பார்த்துவிட்டு, எப்படிங்க இறங்குறது என்று கேட்டாள்.

கறைக்காரரும் எட்டிப் பார்த்தார். இரண்டு மாடி ஆழத்தில் கறுப்புப் பாறைகள். அலை வந்து அவற்றின்மேல் மோதி வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. படி ஒரு ஓரமாக இருக்கும் என்று அவளை உட்கார வைத்துவிட்டு இடது பக்கக் கோடி வரைக்கும் நடந்தார். சுவர். திரும்பி வலது பக்கக் கோடிக்கு நடந்தார். அங்கேயும் சுவர். வெள்ளைச் சட்டையில் அந்த இடத்தின் மேற்பார்வையாளர், ஐம்பது வயசுக்காரர், வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஐயா, தண்ணிக்கு எறங்குற வழி எந்தப் பக்கம்?"

"நீச்சல் குளம் பின்னாடி இருக்குங்க."

"குளம் இல்லைங்க. கடல்."

"இங்க கடல்ல எறங்க வழி கிடையாதுங்களே. கீழ பூரா பாறை. இங்க உக்காந்து பார்க்கத்தான்," என்றார் மேற்பார்வையாளர். பிறகு ஆறுதலாக, "மணல் தொந்தரவு இல்லாம இருக்கணும்னு நினைக்கிறவங்கதான் இங்க வருவாங்க," என்றார்.

கறைக்காரர் அப்படியே நின்றார். ஒரு பொட்டு மணல் இருக்காது என்று எத்தனை பேரிடம் தூக்கிக் காட்டியிருப்பார். துண்டில் மணல் இல்லையென்றால் அந்தத் துண்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை என்று அர்த்தம். மடிப்பு மேசையில் நிற்கிற எவளுக்கும் புரிந்திருக்கும், பச்சைக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். இருபத்திரண்டு வருடம் கறை பார்த்த கண்ணுக்குப் புரியவில்லை. அசடு வழிய, கையைப் பிசைந்துகொண்டு, தன் மனைவிக்கு வியாழக்கிழமை கால் எடுக்கப் போகிறார்கள் என்பதை முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னார்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். வடக்கே மூன்று கிலோமீட்டரில் மஞ்சள் குடை போட்ட கிளப் இருக்கிறது, அங்கே மணலில் சக்கர நாற்காலியே போகிற மாதிரி தண்ணீர் வரைக்கும் பலகை போட்டிருக்கிறார்கள், நடக்க முடியாதவர்களைப் பிடித்துக்கொள்ள ஆளும் இருக்கிறது என்றார். எப்போது வேண்டும் என்று சொன்னால் டாக்ஸியைத் தானே கூப்பிட்டுத் தருகிறேன், கால் மணி நேரப் பயணம் என்றார்.

கறைக்காரர் திரும்பி வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் தடுப்புக்கு அப்பால் தெரிந்த கடலை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப போலாம்தானே?" என்றாள்.

"இப்பவே போலாம்."

மணி பன்னிரண்டரை. பஸ் படியில் ஏறி இறங்கியதிலும் தடுப்பருகே எக்கி நின்றதிலும் அவளுக்கு வலி எடுத்திருந்தது. மறைத்தாலும் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. இந்த வலியோடு தண்ணீரில் நிற்க முடியாது, சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொள்கிறேன், பிடிக்க அரை மணி ஆகும், அதற்குப் பிறகு போகலாம் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. ரொட்டியும் பொரித்த மீனும் காய்கறி சூப்பும் வந்தன. மீனில் முள்ளெடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் நன்றாகவே சாப்பிட்டாள். மாத்திரையையும் போட்டுக்கொண்டாள்.

"அரை மணி நேரம்தானே. நீங்களும் காலை நீட்டிப் படுங்க. நான் எழுப்புறேன்," என்றாள்.

அவர் படுத்தார். கடலிலிருந்து அப்போதுதான் லேசாகக் காற்று எழும்பியிருந்தது. மெத்தை முதுகை வாங்கிக்கொண்டது. இந்த நான்கு மாதத்தில் ஒரு ராத்திரி அவர் முழுசாகத் தூங்கியதில்லை. அவள் முனகினால் எழுந்திருப்பார், முனகாவிட்டால் ஏன் முனகவில்லை என்று எழுந்திருப்பார். விடிந்தால் சமையல், பிறகு சலவைக்கூடம். கண்ணை மூட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் மூடினார்.

மெத்தைகளை யாரோ உருட்டி எடுக்கும் சத்தத்தில் விழிப்பு வந்தது. வெயில் முகத்தில் இல்லை. குடைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவள் காலை நீட்டி, ஆரஞ்சுத் தோலை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபது.

அவர் பதறி எழுந்து செருப்பைத் தேடினார். மேற்பார்வையாளரிடம் ஓடினார். அவர் மஞ்சள் கிளப்புக்குப் போன் போட்டுக் கேட்டார். ஐந்தரைக்கு மேல் யாரையும் தண்ணீரில் இறங்க விடுவதில்லை, பலகையையும் எடுத்துவிடுவோம் என்றார்கள். விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார், தண்ணீரில் காவல் நிற்கிற ஆட்கள் கிளம்பிவிடுவார்கள், தனியாக விட முடியாது என்றார்கள். நாளைக்குக் காலையில் வரச் சொன்னார்கள். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரி. மேற்பார்வையாளர் போனைத் துடைத்துக்கொண்டே நின்றார். அம்மா முழித்துத்தானே இருந்தார்கள், நானும் இரண்டு தடவை வந்து டாக்ஸி கூப்பிடட்டுமா என்று கேட்டேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார்கள் என்றார்.

கறைக்காரர் திரும்பி வந்து அவள் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஏன் எழுப்பல?"

"மூணு மணிக்குத் தோள்ல கை வச்சேன். நீங்க அசையல. இன்னொரு தடவை வச்சிருந்தா முழிச்சிருப்பீங்க."

"வச்சிருக்க வேண்டியதுதானே."

"வைக்க மனசு வரல," என்றாள். "கொறட்டை விட்டீங்க. எத்தனை மாசமாச்சு அந்தச் சத்தம் கேட்டு. ராத்திரி நான் முனகாம பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாலும் நீங்க தூங்குற மாதிரி நடிச்சுக்கிட்டுக் கெடப்பீங்க, எனக்குத் தெரியாதா? இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நாலு மணி ஆயிடுச்சு. அப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு. உக்காந்து அழுதேன். அதுக்கும் நீங்க முழிக்கல."

தலையில் அடித்துக்கொள்ளப் போன அவர் கையை அவள் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல," என்றாள். குரலில் கோபம் இல்லை.

"கேட்டிருந்தா?"

"எந்த மூட்டைல மணல் நெறைய வருதுன்னு கேட்டிருப்பேன்."

ஆறே கால் பஸ்தான் கடைசி. அவள் தடியை ஊன்றி எழுந்தாள். பளிங்குத் தரையில் அவள் தடி டொக் டொக்கென்று கேட்க, இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். இரண்டு காலால் அவள் இனி நடக்கப்போகிற நடையை எண்ணிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்திலேயே நடந்தார். அவசரப்படுத்தவில்லை.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. முன்பக்கம் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாலை கொஞ்ச தூரம் கடலை ஒட்டியே வடக்கே போய், மஞ்சள் குடைகள் மடக்கிக் கிடந்த ஒரு மணல்வெளியைத் தாண்டித்தான் ஊருக்குள் திரும்பியது. அலை மணலில் வெகுதூரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவள் தலையைத் திருப்பித் திருப்பி அது மறைகிற வரைக்கும் பார்த்தாள். நிறுத்தச் சொல்லலாமா என்று அவர் எழப் போனார். அங்கே நிறுத்தம் இல்லை, இறங்கினால் திரும்ப வண்டியும் இல்லை, வாசலில் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. அவர் எழுந்த வேகத்திலேயே திரும்ப உட்கார்ந்தார்.

அப்போது மகள் கூப்பிட்டாள். போன் அவர் கையில் அடித்தது. யார் என்று பார்த்துவிட்டு எடுக்காமல் வைத்திருந்தார். மடிப்பக்காதான் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"நனைச்சேன்டி," என்றாள்.

கறைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா, ரெண்டு காலும்தான். முட்டி வரைக்கும் வந்துச்சு. முதல்ல ஜில்லுன்னு இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. காலுக்கு அடியில மண்ணை உருவிக்கிட்டுப் போகுது பாரு, அதான் பயமா இருந்துச்சு... விழல, விழல. உங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. நல்ல இடமாத்தான் பார்த்துக் கூட்டிட்டுப் போனாரு. நீ ஒண்ணும் கவலைப்படாம வா. எனக்கு இனிமே ஒரு கொறையும் இல்ல."

அவள் ஒருநாளும் பொய் சொல்லத் தெரிந்தவள் இல்லை. அந்த மத்தியானம் முழுக்க, அவர் தூங்கிக்கொண்டிருந்த அந்த நான்கு மணி நேரமும், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அலை அலையாக இதைத்தான் அவள் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துத் தண்ணீரில் வெளுத்து, தோல் உரிந்த கைகள்.

அப்பாவிடம் கொடு என்று மகள் சொல்லியிருப்பாள் போல. போன் அவரிடம் வந்தது.

"அப்பா, அம்மா எவ்வளவு சந்தோஷமா பேசுறாங்க. நீங்களும் எறங்கினீங்களா? தண்ணி எப்படி இருந்துச்சு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்திலிருந்து அவள் அதைத்தான் கண்ணால் கேட்டாள். அவருக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"நான் தூங்கிட்டேம்மா," என்றார்.

அந்தப் பக்கம் மகள் சிரித்தாள்.

"நல்ல காரியம் பண்ணீங்க. அதுக்குத்தானேப்பா அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போறது."

"ஆமாம்மா," என்றார் கறைக்காரர்.